காமனுக்குக் கொடுத்த பால்

மச்சான்,

நேற்று மகள் வீட்டு டிவியில் ஒரு துப்பறியும் தொடர் ஓடியது. சிரிப்புத் தொடர். நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே மேடையில் ஒருவன் செத்து விழுகிறான். நடிப்பென்று நினைத்துச் சனம் கைதட்டுகிறது. தொப்பி போட்ட ஒரு கோமாளி வந்து, நாலு தரம் தடுக்கி விழுந்து, முக்கால் மணி நேரத்தில் கொலைகாரனைப் பிடித்துவிட்டான். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அவ்வளவு கோபம்.

நம் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் நீ காமன், நான் ரதி. மீசையை மழித்து, உன் மனைவியின் கூறைச் சேலையை இரவல் வாங்கிக் கட்டி, ஆறு வருடம் உனக்குப் பெண்டாட்டியாக ஆடினேன். விடிகிற வேளையில் சிவன் நெற்றிக் கண்ணைத் திறப்பார். நீ எரிந்து விழுவாய். விழுவதில் உன்னை மிஞ்ச பொகவந்தலாவைப் பக்கம் ஆளே கிடையாது. "சாகறதுன்னா சனம் நம்பணும் மச்சான், இல்லாட்டி எதுக்குச் சாகணும்?" என்பாய்.

நீ தோட்டத்தில் தொழிற்சங்கம் வைத்தாய். அதுவரை பெரிய கங்காணியிடம் கைகட்டி நின்ற சனம் உன் பின்னால் வந்தது. பெரட்டுக் களத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, எல்லார் முன்னாலும் அவர் கேட்டார்: "ஒன்ன எரிக்க சிவபெருமான் வரணுமாடா?" நீ சிரித்தாய். எல்லாவற்றுக்கும் சிரிப்பாய். உன்னிடம் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான்.

எரிவதற்கு முன் காமனுக்கு ஒரு செம்பு பால் கொடுப்பது நம் தோட்டத்து வழக்கம். கொடுக்கும் உரிமை பெரிய கங்காணிக்கு. எரிந்து விழுந்த காமனை, பூசாரி தீர்த்தம் தெளித்து எழுப்பும்வரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் தோட்டத்துக்கே தீட்டு. இந்த இரண்டையும் வைத்துத்தான் அந்த ஆள் கணக்குப் போட்டார்.

கூத்தன்று மாசிப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பாலைக் குடித்தாய், ஆடினாய், விழுந்தாய். காலை உதைத்தாய், வாயில் நுரை தள்ளியது. கூட்டம் விசிலடித்தது. இந்த வருடம் அதிகமாக நடிக்கிறான் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. நான் தலைவிரித்து ஒப்பாரி பாடினேன். நீ என் முந்தானையைப் பிடித்தாய். நான் உதறிவிட்டு அடுத்த அடிக்குப் போனேன். உன் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அண்ணே, அவரு மொகத்தப் பாருங்கண்ணே!" நான்தான் கையை விரித்து மறித்தேன். "தொடாத தங்கச்சி, தீட்டாயிரும். எந்திரிப்பான்."

பூசாரி மூன்று முறை தெளித்தார். நீ எழவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து யாழ்ப்பாணத்து டாக்டர் ஐயா வந்து பார்த்தார். கங்காணியின் முகத்தையும் பார்த்தார். "இருதயம் நிண்டு போச்சுது, வேற ஒண்டுமில்லை" என்றார். செம்பில் மிச்சமிருந்த பாலை நக்கிய நாய் பீலித் தண்ணீர் விழும் இடத்தில் செத்துக் கிடந்ததை நான் சொன்னபோது, அவர் பையை மூடிக்கொண்டு போய்விட்டார். பிறகு போலீஸ் வந்தது. யார் கொன்றது என்று கேட்டதற்கு, கொழுந்தெடுக்கிற ஒரு கிழவி பயத்தில், "சிவபெருமாங்கய்யா, நெத்திக் கண்ணத் தொறந்து" என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்கள். உடம்பெல்லாம் நீலச்சாயத்தோடு சிவனை ஜீப்பில் ஏற்றினார்கள். சனம் சிரித்தது. உன் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று நானும் சிரித்தேன் மச்சான். சாயங்காலம் சிவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, கங்காணி வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான் விசாரணை.

நான் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

மறு மாசியில் நானே காமன் வேடம் கட்டினேன். பாலைக் காய்ச்சச் சொன்னது உன் மனைவியை. சனம் பார்க்க அவள் செம்பைக் கொண்டுவந்து கங்காணி கையில் கொடுத்தாள். வழக்கத்தை விட முடியாமல் வாங்கி என்னிடம் நீட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"மொதல்ல நீங்க ஒரு மடக்கு குடிங்க கங்காணி."

தப்பு மேளம் நின்றது. "எனக்கு எதுக்குடா?"

"போன வருசம் குடிச்சவன் எந்திரிக்கலீங்களே. சனம் பயப்படுதுங்க."

பாலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் கண்ணைக் கொட்டவில்லை. அந்தக் குளிரில் அவருக்கு வேர்த்தது. மனதில் ஒன்றும் இல்லாதவன் குடித்திருப்பான். "நான் பால் குடிக்கிறதில்ல" என்றார். வீட்டில் இரண்டு கறவை மாடு கட்டியிருந்த மனுசன்! கூட்டத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். நான் செம்பை வாங்கி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். வெறும் பால்தான். நல்ல சர்க்கரை போட்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவர் கையால் யாரும் ஒன்றும் வாங்கவில்லை. வெற்றிலை வாங்கவில்லை, கோயிலில் திருநீறு வாங்கவில்லை. அவர் வீட்டுக் கல்யாணத்தில் இலை போட்டு வைத்த சோறு காய்ந்தது. கடைசியில் வலப்பனையில் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தபோது வாயில் பால் ஊற்றினார்களாம். பல்லைக் கடித்துக்கொண்டு துப்பினாராம். அதைக் கேட்டபோது எனக்கு இனித்தது. இன்றும் இனிக்கிறது. பாவம் என்றால் பாவமாகவே இருக்கட்டும்.

ஆனால் உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் பால் குடித்த அன்று காலை, வேடத்தைக் கலைத்துவிட்டு, போன வருடத்திலிருந்து என்னிடமே இருந்த உன் மனைவியின் கூறைச் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு உன் லயத்து வீட்டுக்குப் போனேன். "பழி தீத்துட்டோம் தங்கச்சி" என்றேன். அவள் சேலையைத் தொடவில்லை.

"கங்காணி ஊத்துனாரு. சரிண்ணே. நான் ஓடியாந்தப்ப அவருக்கு உசுரு இருந்துச்சு. ஒங்க பேச்ச நம்பித்தான் நின்னேன். இத நீங்களே வச்சிக்கங்க."

டிவியில் வந்த அந்தத் தொப்பிக்காரன் நம் தோட்டத்துக்கு வந்திருந்தால் கங்காணியோடு நிறுத்தியிருக்க மாட்டான். சேலை என் தகரப்பெட்டியில் இருக்கிறது. முந்தானையில் நீ பிடித்து இழுத்த இடத்தில் நூல் பிரிந்திருக்கிறது. மகள் தைத்துத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.