ஜனவரி 22 அன்று இருந்தபடி

11 ஜூன் 1979, திங்கள். காலை 7.40. எடுக்க வேண்டிய பிரதி 31.

பனிமூட்டம். கொட்டகலை ஸ்டேஷன் விளக்கு இன்னும் எரிகிறது. வெயிலே இல்லாமல் எப்படிப் பிரதி எடுப்பது? எஞ்சினியர் ஐயாவுக்கு அந்தக் கவலை இல்லை. "ரோலர் அறை மெஷின் வரைபடம் எல்லாம் ஒரு செட். வியாழன் பத்து மணிக்கு ஹட்டன்ல விசாரணை." அவ்வளவுதான்.

ஏப்ரலில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் ரோலர் மெஷின் பெல்ட்டில் சிக்கி ராமையா என்பவருக்கு இரண்டு விரல் போனது. பெல்ட்டுக்குப் படத்தில் இருக்கும் இரும்பு மூடியைப் போடவில்லை என்று, மெஷின் பூட்டிய ஃபிட்டர் சவரிமுத்து மேல் குற்றம்.

நாங்கள் படம் வரையும் இந்த ஆபீஸில் எதையும் எறிவதில்லை. படத்தைத் திருத்தினால் புதுத் தாள் மேலே, பழையது அடியில். மூலையில் ஏ, பி, சி என்று எழுத்து, தேதி. இழுப்பறை மூடாது. குப்பை. ஒவ்வொரு கட்டிலும் மேல் தாளை மட்டும் உருவினேன். பத்து நிமிட வேலை.

ரெக்கார்ட் பார்க்கும் பிலோமினா அக்கா: "மேல இருக்கிறத மட்டும் கிள்ளுறீங்களே தம்பி, கொழுந்தா பறிக்கிறீங்க?"

படத்தையும் பிரதித் தாளையும் சேர்த்து நல்ல வெயிலில் கண்ணாடிச் சட்டத்தை வெளியே வைத்தால் ஒரு பிரதிக்கு ஐந்து நிமிடம். இன்று ஐம்பது. மாலை வரை 6. பிரதிக்குப் புகை காட்டும் அமோனியா வாடை சட்டையில், சோற்றில்.

12 ஜூன், செவ்வாய்

தூறல். சட்டத்தை மூன்று தடவை உள்ளே தூக்கினேன். மொத்தம் 11.

மதியம் சவரிமுத்து அண்ணன். பஸ்ஸில் வந்து, நனைந்து. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் மெஷின் பூட்டின அன்னிக்கு படத்துல மூடியே இல்லீங்க தம்பி. இருந்தா போட மாட்டேனா?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"வேலை போனா குவாட்டர்ஸும் போயிரும். நாலு புள்ளைங்க. எங்கிட்டு போறது, நீங்களே சொல்லுங்க."

எரிச்சலோடுதான் அந்த பெல்ட் இருக்கும் 17ஆம் படத்தை எடுத்தேன். மேல் தாள் 'சி'. மூடி இருக்கிறது. தேதி மார்ச் 2. அடியில் 'பி'. மூடி இல்லை. தேதி போன நவம்பர். அவர் மெஷின் பூட்டியது ஜனவரி 22.

'சி'யின் பிரதி ஏற்கெனவே காய்ந்து உறைக்குள். அப்படியே போயிருந்தால் அந்த மனுஷனின் வீட்டை நானே பிடுங்கியிருப்பேன்.

அக்கா ரெஜிஸ்டரைத் தூக்கி மேசையில் போட்டார். "இப்பவாச்சும் பாருங்க." படத்தின் எண், எழுத்து, தேதி, ஸ்டோருக்கு அனுப்பிய தேதி. 17 சி-க்கு கடைசிக் கட்டம் காலி.

'சி' வரைந்தது நான். அனுப்ப வேண்டியதும் நான்தான்.

உறையைப் பிரித்து அந்தப் பிரதியை வெளியே எடுத்தேன்.

13 ஜூன், புதன்

எஞ்சினியர் ஐயாவிடம் நானே சொன்னேன், நின்றுகொண்டே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மார்ச்ல அனுப்பியிருந்தா அந்த ஆளுக்கு விரல் இருந்திருக்கும்."

"ஆமாங்க ஐயா."

"எழுதிக் கையெழுத்துப் போட்டு கட்டோட வைங்க." கதவு வரை போன பிறகு: "நாளைக்கு லீவு கீவுன்னு வந்து நிக்காதீங்க."

வேலை போகவில்லை.

திரும்ப முதலிலிருந்து. ஜனவரி 22 அன்று என்ன இருந்ததோ அது மட்டும். 30, 31ஆம் படங்கள் அன்று வரையப்படவே இல்லை. எடுத்துவிட்டேன். மீதி 29. அதில் ஐந்து படத்துக்கு மேலே உள்ள தாள் ஆகாது, அடியில் உள்ளதுதான் வேண்டும். எடுத்து வைத்த 11-இல் இரண்டு தப்பு. இன்னும் 20 வேண்டும்.

10.50. வெயில்! சட்டம் இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். அக்கா தாள் மாற்ற, நான் கண்ணாடியை அழுத்திப் பிடிக்க.

"தலைய எடுங்க தம்பி, நெழல் விழுது!"

1.35-க்கு 29 முடிந்தது. 1.50-க்கு மழை. அக்கா சிரித்தார். நானும்.

அந்த இழுப்பறையைக் குப்பை என்று எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தவில்லை, இருக்கட்டும்.

14 ஜூன், வியாழன்

ஹட்டன். விசாரணை நாற்பது நிமிடம். 17-ஐ விரித்து மூலையில் தேதி பார்த்தார்கள்.

"இதுக்கு மேல வேற தாள் இல்லையா?"

"இருக்குங்க. ஜனவரி 22ல இல்லை."

என் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார்கள். காது சுட்டது. சவரிமுத்து அண்ணன் மேல் குற்றம் இல்லை. வேலையும் உண்டு, வீடும் உண்டு. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். வரட்டும்.

வெளியே கடையில் அவர்தான் தேத்தண்ணி வாங்கித் தந்தார். "குடிங்க. உங்க மேல அடிக்கிற நாத்தம் போகட்டும்." பாதி குடித்த பிறகு, மெதுவாக: "அந்த பெல்ட்டுக்கு இன்னும் மூடி இல்லாம பலகைதான் கட்டியிருக்கு தம்பி."

இனி:

1. நாளை முதல் பஸ்ஸில் 17 சி-யோடு ஸ்டோருக்கு. தபாலில் அல்ல, கையில்.
2. சவரிமுத்து அண்ணன் மூடியைப் பூட்டி முடிக்கும் வரை பக்கத்தில் நிற்க. யோசனை சொல்லாமல்.
3. ரெஜிஸ்டரில் கடைசிக் கட்டம் காலியாக வேறு எது இருக்கிறது, பார்க்க. என் கையெழுத்தில் உள்ளவை முதலில்.
4. ராமையாவின் லயத்து வீட்டுக்குப் போக. என்ன சொல்வதென்று தெரியவில்லை. போக.