காவேரிக்குத் தராத இடம்

என் அன்புத் தம்பி அண்ணாமலைக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆனதற்கு இங்கே உனக்கு விழா எடுத்தார்கள். யார் எடுத்தார்கள் என்று கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை.

எங்கள் ஜவுளிக்கடை மாடியில் காலியாகக் கிடந்த அறையைக் கேட்டுத்தான் நீ முதலில் வந்தாய். கல்வராயன் மலையிலிருந்து வந்து கள்ளக்குறிச்சி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு, ஞாயிற்றுக்கிழமையில் உட்கார ஓர் இடம் வேண்டும் என்றாய். டியூஷன் எடுப்பாய் என்று நினைத்தேன். நீயோ அவர்களை வட்டமாக உட்காரவைத்து, "இந்த வாரம் உங்கள யாரு இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாய்.

முதலில் ஒருத்தி, தன்னை வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை, 'ஏ மலை' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்றாள். அவள்தான் காவேரி. அதன்பின் எல்லாரும் பேசினார்கள்.

"பாடம் எப்ப தம்பி நடத்துவ?" என்று கேட்டேன்.

"இதாங்க்கா பாடம். தனக்கு மூளை கம்மின்னு நம்பிக்கினு இருக்கிற புள்ளைக்குக் கணக்கு எப்படி ஏறும்?"

எங்கள் தெருக்காரர்கள் பழைய துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்தபோது கைகூப்பித் திருப்பி அனுப்பினாய். என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாப்பா, குடுக்கறத வாங்கிக்கினா கொறஞ்சா பூடுவ?" என்றார். "தர்மம் வேணாங்க பாய். அவங்களுக்குச் சேர வேண்டியத வாங்கிக் குடுங்க, போதும்" என்றாய். மறுவாரம் அவரே அறைக்கு மின்விசிறி மாட்டிக் கொடுத்தார்.

பத்தாம் வகுப்பில் காவேரி நல்ல மார்க் வாங்கினாள். நர்ஸ் ஆக வேண்டும், அதற்கு சயின்ஸ் குரூப் வேண்டும் என்றாள். நாம் மூவரும் அவள் பள்ளித் தலைமையாசிரியர் முன்னால் நின்றோம். நம்மை உட்காரக்கூடச் சொல்லவில்லை அவர்.

"மலைப் புள்ளைங்களுக்கு ஃபிசிக்ஸ்லாம் ஏறாதும்மா. நாளைக்கு ஃபெயிலாச்சுன்னா எங்க ரிசல்ட்டு போயிடும். தையல் இருக்குது, அத எடுக்கச் சொல்லுங்க."

"மார்க்கப் பாருங்க சார்" என்றாய்.

"மார்க்கு இன்னா மார்க்கு? ஊருக்குப் போனா கல்யாணம் கட்டிக்கினு போயிடப் போவுது."

காவேரி எதிரில்தான் நின்றாள். அவளைப் பார்க்காமலே சொன்னார்.

அவள் அன்றே மலைக்குப் போய்விட்டாள். அப்பா அவளைத் திருப்பூர் கம்பெனிக்கு அனுப்பப் பேசிவிட்டார் என்று தகவல் வந்தது. "நான் போயி இட்டுக்கினு வரேங்க்கா. வேற ஸ்கூல்ல கேக்கலாம்" என்று கிளம்பினாய். நல்ல மழை. கச்சிராயபாளையத்தில் பஸ் நின்றுவிட்டது. ஆட்களை அடைத்து ஏற்றிக்கொண்டு போன ஜீப்பில் நீயும் தொற்றிக்கொண்டாய். வளைவில் அது கவிழ்ந்தது. உன்னைக் கீழே கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காவேரியின் அப்பாவும் உன்னைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர். அது உனக்குத் தெரியுமா?

ஒரு மாதம் கழித்து அவள் திருப்பூர் போனாள். தடுக்க எங்கள் யாருக்கும் தெம்பில்லை.

விழாவை எடுத்தது அந்தப் பள்ளிதான், அண்ணாமலை. உன் படத்தைப் பெரிதாக வைத்து, ஒரு வகுப்பறைக்கு உன் பெயரையும் வைத்தார்கள். அதே தலைமையாசிரியர் மாலை போட்டு, "மலை மக்களின் விளக்கு அணைந்துவிட்டது" என்று குரல் தழுதழுக்கப் பேசினார். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லீவு போட்டு வந்திருந்த காவேரியைப் பூப்போட மேடைக்கு அழைத்தார்கள். அவள் பூவைக் கீழே வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"சார், எங்கண்ணன் ரூமுக்குப் பேரு வைக்கச் சொல்லிக் கேக்கல. அந்த ரூம்ல எனக்கு ஒரு எடம் கேட்டாரு. நீங்க குடுத்திருந்தீங்கன்னா அன்னிக்கு அவரு மலை ஏறியிருக்கவே மாட்டாரு."

மைக்கை அணைத்துவிட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. "எம்மூஞ்சப் பாத்துச் சொல்லுங்க சார், எனக்கு ஏறாதா?" என்று வெறும் தொண்டையில் கேட்டாள். தலைமையாசிரியர் தண்ணீர் குடித்தார். பெரியவர்கள் செல்போனைப் பார்த்தார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்த ஹாஸ்டல் பிள்ளைகள் மட்டும் எழுந்து நின்றார்கள். யாரும் சொல்லாமல், ஒவ்வொருவராக.

இந்த ஜூனில் மலைப் பிள்ளைகள் சிலருக்கு சயின்ஸ் குரூப் கொடுத்திருக்கிறார்கள். உன் பெயர் எழுதிய அறையில்தான் உட்காருகிறார்கள். கடைசி பெஞ்சில். "நாங்க எப்பவுமே குடுத்துக்கினுதான் இருக்கோம்" என்கிறாராம் தலைமையாசிரியர். காவேரிக்கும் ஓர் இடம் கேட்டேன். "படிப்பு விட்டுப் போச்சேம்மா, இனிமே எப்படி?" என்றார். அதை விடவைத்தது யார்?

இதை வெற்றி என்று சொல்லி என்னிடம் கைகுலுக்க வருகிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெஞ்சு கொடுக்க, ஏனப்பா இவர்களுக்கு ஒரு சாவு தேவைப்பட்டது?

காவேரி திருப்பூரில் சட்டைக்குக் காலர் வைத்துத் தைக்கிறாள். தலைமையாசிரியர் படிக்கச் சொன்ன அதே தையல். போன ஞாயிறு போனில், "அக்கா, பயாலஜி புக்கு கெடைச்சா அனுப்புறியா? சும்மா படிக்கத்தான்" என்றாள். அந்த 'சும்மா'வைக் கேட்டபின் மறுநாளே புத்தகக் கடைக்குப் போனேன்.

மாடி அறை நடக்கிறது. பிள்ளைகள் வருகிறார்கள், பேசுகிறார்கள். அடுத்த ஜூனில் காவேரியைக் கூட்டிக்கொண்டு அதே ஆள் முன்னால் போய் நிற்பேன். அவர் இல்லையென்றால் அவருக்கு மேலே இருப்பவர் முன்னால். இந்த முறை உட்காரச் சொல்வார்கள் என்று காத்திருக்கமாட்டோம்.

நீ இருந்தால், "போனது போவட்டும்க்கா, அடுத்த புள்ளையப் பாக்கலாம்" என்பாய். அடுத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன், தம்பி. போனது போகட்டும் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
ஷகிலா