ஓட்டம் காணாதா, பழக்கினது பிழையா

எசன், ஜெர்மனி,
தை மாதம், ஞாயிறு

அன்பு மகன் வினோஜனுக்கு அம்மா எழுதுவது. நல்லூரான் புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் எழும்பி நடமாடுகிறோம். நீயும் அங்கே அமெரிக்காவில் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு மூடிக்கட்டிக்கொண்டு நல்லாயிருக்க வேண்டுமென்று விளக்குக் கொளுத்துகிற நேரமெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். கையில் போன் இருக்க இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் உன்னோடு ஒன்றும் கதைக்க ஏலாது மகன். அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருப்பார், நீயும் ஓம் அம்மா, ஓம் அம்மா, பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிடுவாய். இதை அப்படி வைக்க ஏலாதுதானே. தங்கச்சி துஷானி அனுப்புகிற பார்சலுக்குள் பயத்தம் உருண்டைக்குக் கீழே மடித்து வைக்கிறேன். உருண்டையை முதல் தின்னாதே, இதை முதல் படி.

வீட்டுப் புதினம் பெரிதாக ஒன்றுமில்லை. துஷானியின் ஆவுஸ்பில்டுங், அந்தத் தொழில் படிப்பு, இரண்டாம் வருடம் தொடங்கிவிட்டது, பல் வைத்தியரிடம் வேலை பழகுகிறவள் வீட்டிலே எல்லாருடைய வாயையும் திறந்து பார்க்கிறாள், சீனி போட்டுத் தேத்தண்ணி குடிக்க விடுகிறாளில்லை. எனக்குப் பிரஷர் கொஞ்சம் கூட, குளிசை போடுகிறேன், அதற்கு நீ யோசிக்காதே. பொங்கலுக்குப் பால் கிழக்காலே வழிந்தது. அப்பாவுக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கேலாமல் பெடியனுக்கு நல்ல காலம் வருகுது என்று எல்லாருக்கும் போன் எடுத்துச் சொன்னார். நான் அகப்பையால் பொங்கலைக் கிண்டிக்கொண்டு நின்றேன்.

அப்பாவும் மதீசன் அண்ணையும் கோபமென்று துஷானி உனக்குச் சொன்னாளோ தெரியாது. அகதி முகாமில் ஒரே அறையில் படுத்தெழும்பின இரண்டு பேர், உன்னுடைய விளையாட்டாலே இப்போது முகம் பார்க்கிறதில்லை. உங்கள் ஆட்டம் நடந்த அடுத்த நாள் மத்தியானம் சாப்பாடு முடிய துஷானி அதை டிவியில் போடுவாள், மதீசன் அண்ணையும் வந்துவிடுவார். எனக்கு அந்த முட்டைப் பந்து விளையாட்டு, உங்கள் அமெரிக்கன் ஃபுட்போல், இன்னும் பிடிபடவில்லை. மற்ற அணிக்காரன் பந்தோடு ஓட நீங்கள் மறிக்க வேண்டும், உங்கள் டிபென்ஸ் இந்த முறை ஒருவனையும் மறிக்கவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மதீசன் அண்ணை சொன்னார், மச்சான், பெடியளுக்கு ஓட்டம் காணாது, வேகம் போதாது, பந்து பிடிக்கிறவன் போயிட்டான், இவங்கள் அவன்ரை முதுகையெல்லோ பாக்கிறாங்கள் என்று. அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. என்ரை பிள்ளையின்ரை ஓட்டத்தைப் பற்றி உமக்கென்ன தெரியும், எங்கை நிக்கவேணும் எண்டு பழக்கினவனுக்குத்தான் மூளை இல்லை என்று கத்தினார். அண்ணை தேத்தண்ணியைக் குடிக்காமல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். போன கிழமை தமிழ்க்கடையில் கண்டோம். ஒருவர் மரக்கறிப் பக்கம், மற்றவர் அரிசி மூட்டைப் பக்கம், இரண்டு பேரும் விலை பார்க்கிற மாதிரி நின்றார்கள். மதீசன் அண்ணையின் மனுசி சிவமலர் அக்காவும் நானும் நடுவில் நின்று தலையிலே கைவைத்தோம்.

நான் அன்றைக்கு ஒரு பக்கமும் சேரவில்லை மகன். எனக்கு வேகமும் தெரியாது, பழக்கிறதும் தெரியாது. நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தேன். இடக்காலை ஊன்றித் திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு சின்னத் தத்தல் தத்திப் போட்டுத்தான் நீ திரும்புகிறாய். அதற்குள் பந்து பிடிக்கிறவன் போய்விடுகிறான். உன்னைப் பார்த்து மற்றப் பெடியளும் தங்கள் இடத்தை விட்டு உன் பக்கம் ஓடி வர, அங்கே வெளித்துப் போகிறது. விசில் ஊதினதும் நீ சிரிக்கிறாய். எல்லாரும் தலையைக் குனிந்து நிற்க நீ மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். நோவு தாங்க முடியாவிட்டால்தான் நீ அப்படிச் சிரிப்பாய். சைக்கிளால் விழுந்து கை முறிந்த அன்றும் அப்படிச் சிரித்துக்கொண்டுதான் படியேறி வந்தாய், நான் சட்டையைக் கழற்றும்போதுதான் கண்டேன். உனக்கு முழங்கால் ஏலாது. எப்போதிருந்து என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஏலாது. நீ ஒருவருக்கும் சொல்லவில்லை.

பிறகு பீலிக்ஸை வேலையால் நிற்பாட்டின செய்தி வந்தது. பதினைந்து வயதில் இங்கே உன் கையில் அந்தப் பந்தைத் தந்து, பிறகு அமெரிக்காவுக்கு டிபென்ஸ் ட்ரெய்னராகப் போன இடத்துக்கு உன்னையும் கூப்பிட்டு, புலமைப்பரிசிலும் எடுத்துத் தந்த மனிதர். அதோடு நீ பேட்டி கொடுக்கிற வீடியோவும் வந்தது. துஷானி தமிழில் சொன்னாள், எங்களிட்டை வேகம் இருக்கு, பழக்கினதுதான் பிழை என்று நீ சொல்கிறாயாம். அப்பா அதை அனுப்பாத ஆளில்லை. லண்டனுக்கும் போனது, கனடாவுக்கும் போனது, மதீசன் அண்ணைக்கு இரண்டு முறை போனது. நீ அதில் கதைக்கும்போதும் சிரிக்கிறாய் மகன். நான் குசினிக்குள் போய்த் தண்ணியைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஊர் திரும்பின பீலிக்ஸ் போன ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்தார். அங்கே நீ அவருடைய வீட்டில் விட்டுவிட்டு வந்த தடித்த ஜாக்கெட் அவருடைய பெட்டிக்குள் வந்துவிட்டதாம், அதைக் கொண்டுவந்தார். அப்பா கதவைத் திறந்தவர், வாங்கோ என்று சொல்லவில்லை. அந்த மனிதரை இருத்திவிட்டு, நேரே முகத்தைப் பார்த்து, என்ரை மோன்ரை ஒரு வருசத்தைப் பாழாக்கிப்போட்டீர் என்று ஜெர்மனில் சொன்னார். பீலிக்ஸ் ஓம், பிழை என்னுடையது, நான் வடிவாகப் பழக்கவில்லை என்று மட்டும் சொன்னார். நான் இடியப்பம் வைத்தேன். வீட்டுக்கு வந்த ஆளோடு கூட இருந்து சாப்பிடாமல் அப்பா எழும்பிப் போனதை என் சீவியத்தில் நான் கண்டதில்லை, எங்கள் சனத்தில் ஒருவரும் செய்யாத வேலை. வேலைக்கு நேரமாகிவிட்டதென்று தன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பீலிக்ஸ் தலை நிமிராமல் சாப்பிட்டார். நான் இன்னும் சொதி விடப்போக, போதும் என்பதற்கு நீ சின்னதில் அவருக்குப் பழக்கின சொல்லைத் தமிழில் சொன்னார், காணும் அம்மா என்று.

என்னால் அடக்க ஏலவில்லை. அவனுக்கு முழங்கால் ஏலாது, அதைச் சொல்லாமல் உங்கள் தலையில் போட்டுவிட்டான், என்னை மன்னியுங்கள் என்று கேட்டேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. தெரியும் என்றார். கடைசி ஆட்டம் முடிந்து வீடியோக்களைத் திரும்பப் போட்டுப் பார்க்கும்போதுதான் கண்டாராம், நான் கண்ட அதே தத்தலை. அடுத்த நாள் பெரிய ட்ரெய்னர் கூப்பிட்டு, டிபென்ஸ் ஏன் இப்படி, பெடியளுக்கு வேகம் இல்லையா, நீ பழக்கினது சரியில்லையா, ஒன்றைச் சொல்லு என்று கேட்டிருக்கிறார். வேகம் இல்லை என்று சொன்னால் எல்லாரையும் ஓடவிட்டு அளப்பார்கள், வினோஜனின் கால் பிடிபடும், புலமைப்பரிசில் போகும். அதனாலே நான்தான் பழக்கவில்லை என்று சொன்னேன் என்றார். அவ்வளவுதான் சொன்னார் மகன், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்ட கதை சொல்கிற மாதிரி. அவனுக்குச் சொல்லாதேங்கோ, படிக்கிற பிள்ளை, கவலைப்படுவான் என்று எனக்குப் புத்தி வேறு சொன்னார்.

தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குத் துக்கத்தைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கமும்தான். சித்தப்பா செத்ததைக் கூட நீ சோதனை எழுதி முடியுமட்டும் உனக்குச் சொல்லவில்லை. இந்த முறை அந்த வழக்கத்தை நான் பார்க்கப்போவதில்லை. இங்கே பக்கத்து ஊர் கிளப்பில் சின்னப் பெடியளுக்குப் பழக்க அவரை எடுக்க இருந்தார்கள். இப்போது உன் வீடியோவைப் பார்த்துவிட்டு, வளர்த்த பெடியனே இப்படிச் சொல்கிறானே என்று யோசிக்கிறார்களாம். மாத முடிவில்தான் சொல்வார்கள். அவருக்கு இந்த வேலையை விட்டால் வேறொன்றும் தெரியாது.

நீ உண்மையைச் சொன்னால் உனக்கு அங்கே என்ன நடக்குமென்று எனக்குத் தெரியும். புலமைப்பரிசில் போகட்டும், வீட்டுக்கு வா. உன் கட்டிலில் துஷானி தன் உடுப்பெல்லாம் குவித்து வைத்திருக்கிறாள், அள்ளி எறிந்துவிடுகிறேன். இங்கேயும் படிக்கலாம், இங்கேயும் டொக்டர் இருக்கிறார்கள். இப்படியே ஓடினால் நாற்பது வயதில் படியேற ஏலாமல் போகும், அதை நினைக்க எனக்குச் சோறு இறங்குதில்லை. உன்மேல் கோபமில்லை என்று சொன்னால் அது பொய். கோபம் இருக்கிறது. அதைவிடக் கவலைதான் பெரிது. நீ பொல்லாத பிள்ளையில்லை, பயந்துபோய்ச் சொன்னாய் என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் பயத்தில் சொன்னதை அப்படியே விட்டால் அதுவே உன் குணமாகிவிடும். அப்பாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவர் ஊரெல்லாம் அனுப்பின வீடியோ உன்னுடையது, அவருக்கு நீதான் சொல்ல வேண்டும். கத்துவார். பிறகு தானே பீலிக்ஸ் வீட்டுக் கதவைத் தட்டுவார், எனக்கு அந்த மனுசனைத் தெரியும்.

நல்லாயிரு மகன். கால் கை சுகத்தோடு நூறு வயது இரு, அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலையில் இருக்கும். குளிரில் காலை நனைக்காதே, எண்ணெய் பூசு, படியேறும்போது கம்பியைப் பிடி. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பீலிக்ஸ் போகும்போது சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு குனிந்தபடி என்னிடம் ஒன்று கேட்டார். வேலையைப் பற்றியில்லை, வீடியோவைப் பற்றியுமில்லை. அவனுக்கு இப்ப முழங்கால் எப்படி, வீக்கம் வத்திட்டுதோ என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். நீ அவருக்குப் பதில் சொல்லு.

உன்னைப் பெற்றவள்,
கலாதேவி