உள்ளே தெரியும் பை

ப்ரையர் கோவ், நோவா ஸ்கோஷா
மே 4

அன்புள்ள இவெட்,

உன் குப்பையை இன்று எடுக்கவில்லை. கறுப்புப் பை வீட்டுக்கு ஒன்றுதான். மற்றதெல்லாம் உள்ளே தெரியும் பையில் வர வேண்டும். நீ இரண்டு கறுப்பு வைத்திருந்தாய். நகராட்சியின் குப்பை ஆய்வாளன் என்பதால் ஒன்றைப் பிரிக்க வேண்டியதாயிற்று. பிரிந்த புருஷனின் வேலை என்று நினைக்காதே.

மொய்ரா உன்னோடு நலமா?

லோர்ன்

மே 7

அன்புள்ள லோர்ன்,

நம் மகள் நலம். என் பழைய உள்ளாடைகளை நடுத்தெருவில் பரப்பியிருக்க வேண்டாம். எதிர்வீட்டு டோரீன் கத்தினாள்: "என்னடி, விட்டுட்டுப் போன ஆளு இன்னும் உன் மூட்டையைத்தான் மோப்பம் பிடிக்கிறானா?" தெருவே சிரித்தது. நானும். குடியை விட்டுப் பதினொரு மாதம். இப்போது சிரிப்பு வருகிறது.

மொய்ராவின் ஹாக்கி அணிக்குப் பணம் திரட்டக் காலி பாட்டில் வசூல். தெருக்காரர்களின் பீர் பாட்டில்கள் என் வராந்தாவில்தான் சேர்கின்றன. என்னையும் நம்பி ஒரு பொறுப்பு. வந்து பாரேன்.

இவெட்

மே 29

லோர்ன்,

வந்து பார்த்திருக்கிறாய். மொய்ரா யாரிடம் வளர்வது என்ற வழக்கில், நீதிமன்றத்தில் நீ எடுத்த படத்தைக் காட்டினார்கள். என் வராந்தா, பாட்டில் குவியல், கீழே நகராட்சி முத்திரை. "ஆய்வின்போது கண்டது."

வசூல் அறிவிப்பை வீடு வீடாகப் போட்டதே நீ. அணியின் பயிற்சியாளன். நான் சொன்னதை உன் வக்கீல் குடிகாரியின் சாக்கு என்றார். நீதிபதி உன்னைப் பார்த்தார். நீ உன் காலணியைப் பார்த்தாய்.

மகள் உன்னிடம் என்று தீர்ப்பு. வெளியே வந்ததும் மொய்ரா கேட்டாள்: "அம்மா, நான் எந்த வண்டியில ஏறணும்?"

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் எனக்கு உண்டு. அதற்காவது அவளை அனுப்பு.

இவெட்

ஜூன் 16

இவெட்,

இரண்டு ஞாயிறு ஏதேதோ காரணம் சொன்னேன். மொய்ரா உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். செவ்வாயன்று என் வண்டியில் உன் தெரு வழியாகக் கூட்டிவந்தேன். வாசலில் உள்ளே தெரியும் உன் பை. அதில் மூன்று ஜின் பாட்டில்.

"அப்பா, இதுவும் எங்க டீமுக்குச் சேர்த்ததா?"

"அந்த வசூல் போன மாசமே முடிஞ்சு போச்சே, கண்ணு."

அவள் வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

பாட்டிலைக் குப்பையில் போடக் கூடாது. பையை எடுக்கவில்லை, விதிமீறல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாளாம். நான் தடுக்கவில்லை. அவளேதான் எழுதச் சொன்னாள்.

லோர்ன்