மாவுக்கு ஏது கூடை

மதினி,

பக்கத்துக் காம்பரா வீட்டில் அரிசி மாவு வறுக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கி, இடுப்பில் கட்டிய நனைந்த படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அடுப்பு மூட்ட உடம்பு வரவில்லை. அந்த வாசம் வந்ததும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாலும் எனக்குத்தான் அதிகம் துணையாக இருந்தீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும், அலுத்துப்போனால் உங்களிடம்தான் பேசுகிறேன்.

என் மகள் கைக்குழந்தையாக, வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்த வாரம் ஞாபகம் இருக்கிறதா? "வறுத்த அரிசி மாவுல கஞ்சி காய்ச்சுங்க. ஒரு நாளைக்கு மூணு அவுன்ஸ்தான். கூடினா புள்ள தாங்காது" என்று சொல்லிவிட்டு, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா போய்விட்டார். நமக்கு அவுன்ஸ் எங்கே தெரியும்? அரிசியோ மாவோ, எல்லாம் பால்டின்னில் அளந்துதான் பழக்கம். லிந்துலைக் கடைத் தராசுக்குப் போக ஞாயிறு வரவேண்டும்.

நீங்கள்தான் வழி கண்டுபிடித்தீர்கள். இரண்டு வீட்டு அரிசியையும் இடித்து, பத்து டின் மாவைத் தலைதட்டி அளந்து துணிப்பையில் கட்டி, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்குத் தூக்கிவந்தீர்கள். கொழுந்துத் தராசில் அவுன்ஸ் தெரியாது. பத்து டின்னையும் ராத்தலில் நிறுத்துப் பங்கு போட்டால் ஒரு டின் எவ்வளவு என்று தெரிந்துவிடும் என்றீர்கள். கணக்கப்பிள்ளை பையை மாட்டிப் பார்த்து, "ரெண்டு ராத்தல்" என்று கூவினார். ராத்தலுக்குப் பதினாறு அவுன்ஸ். ஒரு டின் மூன்று அவுன்ஸும் சொச்சமும் என்று விரல் மடக்கிக் கணக்குப் போட்டோம். அன்றைக்கே முழு டின் மாவைக் கரைத்து ஊட்டினேன்.

சாயங்காலத்துக்குள் பிள்ளையின் வயிறு ஊதிவிட்டது. அழக்கூடத் தெம்பில்லை. நீங்கள் கஞ்சிக் கரண்டியைக் கவிழ்த்துப் பார்த்தீர்கள். கஞ்சி விழவில்லை, அவ்வளவு கெட்டி.

"ஏ புள்ள, அந்தாளு கூடைக்குக் கழிச்சிட்டாருடி!"

அதுதான் நடந்திருந்தது. கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு ராத்தலைக் கழித்தே சொல்லி அவருக்கு வாய் பழகியிருந்தது. கேட்டுக் கேட்டு நமக்கும் காது பழகியிருந்தது. தராசு காட்டியது நான்கு. பிள்ளைக்கு இரட்டிப்பு மாவு போயிருந்தது. அதற்குப் பிறகு அரை டின்தான் கரைத்தோம். மெல்ல மெல்லக் கண் திறந்தாள்.

நீங்கள் அதோடு விடவில்லை. மறுநாள் நிறுவையில், அத்தனை பேர் முன்னால் கேட்டீர்கள்.

"மாவுக்கு ஏதுங்கய்யா கூடை?"

அவர் சிரித்து மழுப்பினார். "கூடைதான் ரெண்டு ராத்தல் இருக்குமா? வெறுங்கூடைய மாட்டிக் காட்டுங்க" என்றீர்கள். அவர் மாட்டவில்லை. அப்புறம் வெகுநாள் உங்களுக்குக் கொழுந்து பறிக்கச் செங்குத்தான மேட்டு நிரைதான் கிடைத்தது. "போவுது, புள்ள பொழைச்சிருச்சில்ல" என்று மூச்சு வாங்க ஏறினீர்கள்.

அந்தப் பிள்ளைக்கு இந்த வாரம் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்தாயிற்று, மதினி. இன்று முதல் தடவையாக அவள் பறித்த கொழுந்து தராசில் ஏறியது. கணக்கப்பிள்ளை புதியவர், கழிவு பழையதுதான். நீங்கள் இருந்திருந்தால் கேட்டிருப்பீர்கள். கேட்டால் கிடைக்கும் மேட்டு நிரைக்கு என் முழங்கால் இனித் தாங்காது என்று நான் பேசாமல் நின்றேன்.

கழித்துச் சொன்னதைக் கேட்டு அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் கூடையை மடுவத்திலேயே இறக்கிவிட்டேன். அந்தப் பார்வையைத்தான் எங்கே இறக்குவது என்று தெரியவில்லை.