மேடையில் குணமான தொண்டை

காட்ஸ்டன், அலபாமா
அக்டோபர் 1971

அன்புள்ள ஐவாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். ஓரிகன் மழைக்கும் மீன் டப்பா ஆலை வேலைக்கும் நடுவில் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். துணி துவைக்கும் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பாட்டுக் குழுவின் சட்டைகளும் எங்கள் நீலக் கவுன்களும் எதிரே இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. என் வீட்டுக்காரர் ஹோலிஸ் பஸ்ஸுக்கு டயர் மாற்றப் போயிருக்கிறார். வாரத்தில் நான் தனியாக இருப்பது இந்த நேரம்தான். மீதியெல்லாம் பஸ், சர்ச், மறுபடியும் பஸ்.

என் மாமனார் கிளீட்டஸ் திடமாக இருக்கிறார். அடிக்குரலை இன்னும் அந்த ஆழத்துக்கு இறக்குகிறார். சத்தம் எங்கிருந்து வருகிறதென்று குழந்தைகள் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்க்கின்றன. நாத்தனார் ஜூவல் பியானோவை அடிக்கிற அடியில் போன மாதம் ஒரு சபையில் கட்டையே கழன்று விழுந்தது. போதகர் எடுத்துக் கொடுத்துவிட்டு, "காணிக்கை வாங்க வந்தீங்களா, பியானோவ உடைக்க வந்தீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். சபையே சிரித்தது. ஜூவல் விடவில்லை. "உடைஞ்சா புதுசு வாங்குவீங்கல்ல, அதான்" என்றாள்.

நீ போனபிறகு எங்கள் நிகழ்ச்சியில் ஒன்று மாறியிருக்கிறது. கடைசிப் பாட்டுக்கு முன்னால், ஆண்டவர் என் தொண்டையைக் குணமாக்கினார் என்ற சாட்சியை ஹோலிஸ் சொல்கிறார்.

நடந்தது உனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் என் குரல் கரகரத்தது. பர்மிங்காமில் டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். சின்னப் புடைப்பு இருக்கிறது, பேசாமல் ஓய்வாக இருங்கள், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றார். அந்தச் சமயம் பனி உறைந்து பாதை மூடி, பஸ் வீட்டிலேயே நின்றது. நானும் பேசவில்லை. பிறகு எழுப்புதல் கூட்டத்தில் போதகர் என் கழுத்தில் கை வைத்து ஜெபித்தார். அன்று பாடினேன், குரல் வந்தது. எது குணமாக்கியது என்று எனக்குத் தெரியாது. அந்த ஓய்வையே ஆண்டவர்தான் கொடுத்தாரோ என்னவோ. டாக்டரிடம் திரும்பப் போகவில்லை. போனால் ஆண்டவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும் என்றார் ஹோலிஸ்.

முதலில் அவர் இதை நடந்தபடியேதான் சொன்னார். பிறகு ஒரு ஊரில் டாக்டர் "இனிமேல் பாடவே முடியாது" என்று சொன்னதாக ஆயிற்று. இன்னொரு ஊரில் அறுவைக்கு நாள் குறித்துவிட்டார். இப்போது நான் கிறிஸ்துமஸைக்கூடப் பார்க்கமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பஸ்ஸில் நான் ஹோலிஸிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நான் வேணும்னு சொல்றதில்ல லோரீன். மைக் முன்னால நின்னா அப்படித்தான் வருது. சனங்க அழறாங்க, பாத்தியா?" என்றார். அவரும்தான் அழுகிறார். ஒவ்வொரு முறையும் நிஜமாகவே அழுகிறார்.

இனி நான் எழுதப்போவதை நீ உட்கார்ந்து படி. பழையது திரும்ப வந்துவிட்டது. அதைவிட மோசம். விழுங்கும்போது வலி காதுவரை ஏறுகிறது. சபையில் மதியச் சாப்பாட்டுக்கு மரத்தடியில் மேசை போட்டு வறுத்த கோழியும் சோள ரொட்டியும் குவித்து வைக்கிறார்கள். எனக்கு வாழைப்பழப் புட்டிங் மட்டும்தான் இறங்குகிறது. காலையில் கைக்குட்டையில் சிவப்பாகப் பட்டது. ஒரு தடவை இல்லை.

பஸ்ஸில் இன்னும் நம் அப்பா பாட்டுப் பள்ளியில் கற்றுக்கொடுத்த மாதிரிதான் பழகுகிறோம். முதலில் சுரக் குறிகளின் பெயரைப் பாடுவோம், அப்புறம் வார்த்தை. தாளில் முக்கோணக் குறி இருந்தால் 'டோ', சதுரம் இருந்தால் 'லா'. கீழே இருக்கிற 'சோ', அந்த வட்டக் குறி, எனக்கு வருவதில்லை. வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. முதலில் ஜூவல் கிண்டல் செய்தாள். "என்ன அண்ணி, குரல தலையணைக்கு அடியிலயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றாள். இப்போது கிண்டல் செய்வதில்லை. அந்த இடம் வரும்போது என் சுரத்தைப் பியானோவில் ஓங்கி அடிக்கிறாள். அவள் கிண்டலை நிறுத்தியதுதான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது. மாமாவுக்கும் கேட்டிருக்கும். ஒருநாள் என்னைப் பார்த்து, "அம்மாடி, சத்தம் இல்லேன்னாலும் சிரிப்ப விட்றாத" என்று மட்டும் சொன்னார்.

ஹோலிஸிடம் நான் வாய்விட்டே சொன்னேன். தேனும் வெந்நீரும் கலந்து கொண்டுவந்து கொடுத்தார். "சாத்தான் சோதிச்சுப் பாக்குறான். வந்துடுச்சுன்னு உன் வாயால சொல்லாத, அது குடியேறிடும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை ஐவா. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போன ஞாயிறு நடந்ததால்தான் இந்தக் கடிதம். ஹென்சன் பகுதியில் ஒரு சபையின் ஆண்டு ஒன்றுகூடல். சாட்சி முடிந்து, பாடி முடித்து, ரெக்கார்டு விற்கிற மேசைக்குப் பின்னால் நின்றேன். ஓப்பல் ஸ்டிடம் என்று ஒரு அம்மா மகளோடு வந்தார். என் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தார். விரலுக்கு அடியில் கட்டி உருண்டது. "செவ்வாக்கிழமை ஆபரேஷன்னு சொல்லியிருந்தாங்க சிஸ்டர். உங்க சாட்சியக் கேட்டேன். வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தாயின் பேச்சை நம்பவில்லை. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று நின்றாள்.

நான் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா" என்றேன். என் குரல் மேசையைத் தாண்டவில்லை. பக்கத்தில் நின்ற ஹோலிஸுக்கு மட்டும் கேட்டது. அவர் சிரித்த முகத்தோடு, சபைக்கே கேட்கும்படி, "ஆமாம்மா, போங்க! போய் அந்த டாக்டருக்கு அற்புதத்தைக் காட்டுங்க!" என்றார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்லிக் கைதட்டினார்கள். அந்த அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் தோளுக்கு மேலே மகளைப் பார்த்தேன். இல்லை என்று தலையாட்டினேன். அவள் புரிந்துகொண்டாளா என்று தெரியவில்லை. தாயின் தோளைப் பிடித்து வெளியே அழைத்துப் போனாள். செவ்வாய் போய்விட்டது. என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவும் வழியில்லை.

அடுத்த மாதம் புது ரெக்கார்டு பதிவு. அதில் சாட்சியையும் சேர்க்கிறார்கள். அட்டைக்கு என் படத்தையும் எடுத்தாயிற்று. அது வெளியே வந்துவிட்டால் இந்தக் கழுத்தை நான் எந்த டாக்டரிடமும் காட்ட முடியாது. இப்போதே முடியவில்லை. இந்தச் சீமையில் எந்த டாக்டரிடம் போனாலும் அங்கே சீட்டு எழுதுகிற பெண் ஏதோ ஒரு சபையில் பாடுகிறவளாக இருப்பாள். மத்தியானத்துக்குள் மாவட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். எனக்கு வண்டி ஓட்டவும் தெரியாது.

அதனால் நீ ஒன்று செய்யவேண்டும். எனக்குப் பதில் எழுதும்போது, உனக்கு உடம்பு சரியில்லை, அக்கா வந்து கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று எழுது. எங்கள் வீட்டு வழக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். யார் பெயருக்கு வந்தாலும் கடிதத்தை மாமாதான் பிரித்து, பஸ் கிளம்பியதும் எல்லோருக்கும் கேட்க உரக்கப் படிப்பார். கால் முறிந்தது என்று எழுதாதே. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பார்கள். பெண்கள் சமாசாரம், பெரிய ஆபரேஷன் என்று எழுது. மாமா அந்த வரிக்கு வந்ததும் தொண்டையைக் கனைத்துக் கடிதத்தை என்னிடம் நீட்டிவிடுவார். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். என்னை ஓரிகனுக்குப் பஸ் ஏற்றிவிடுவார்கள். இந்த வீட்டில் வேறு யாருக்காவது நோய் வந்தால் எனக்கு விடுப்பு உண்டு.

உங்கள் ஊர் டாக்டரிடம், ஹோலிஸ் பெயர் வேண்டாம், நம் அப்பா பெயரைப் போட்டு எனக்கு நேரம் வாங்கி வை. ரெக்கார்டு பதிவுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட வேண்டும். தாமதிக்காதே.

உன்னைப் பொய் எழுதச் சொல்கிறேன். எனக்குக் கூசுகிறது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து இவர்கள் போகிற சபையெல்லாம் எழுந்து நின்று உனக்காக ஜெபிக்கும். முன்பின் தெரியாதவர்கள் உன் பெயரைத் தாளில் எழுதிப் பைபிளுக்குள் வைத்துக்கொள்வார்கள். ஹோலிஸ் முழங்கால் போட்டு அழுவார். நானும் பக்கத்தில் கண்ணை மூடி நிற்பேன். உடம்பில் ஒன்றுமில்லாத எனக்கு இது எதற்கு என்று நீ சங்கடப்படாதே தங்கச்சி. அவர்கள் சொல்வது உன் பெயராக இருக்கும். ஆண்டவருக்கு விலாசம் தெரியும்.

அவர் உன் வீட்டு வாசலைக் காக்கட்டும். இயந்திரம் நின்றுவிட்டது, துணியை எடுக்கவேண்டும்.

உன் அக்கா,
லோரீன்