தூசுக் கண்ணாடி

மெஹ்ர் மாதம் 4

எதிர்வீட்டுப் பெண்மணி கௌஹர் கானும் போய்விட்டார். சந்துச் சுவரில் சாவு அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. ஆண் செத்தால் அவன் படம், பெண் செத்தால் ரோஜாப்பூ. எல்லாப் பெண்ணுக்கும் அதே ரோஜா. இந்த யஸ்த் ஊர் முழுக்க அச்சகங்களில் ஒரே ஒரு ரோஜாதான் வைத்திருக்கிறார்கள் போல.

வேலை விட்டு வந்தபோது அம்மா அதன் முன்னால் நின்றிருந்தாள். "சிரிச்சா எவ்வளவு நல்லாருப்பா தெரியுமா? யாரோ எவளோன்னு பண்ணிட்டாங்க பாரு."

படியேறும்போது இரண்டு இடத்தில் நின்றாள். இதயம் பாதிகூட வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு நான் அவள் படியேறுவதைப் பார்ப்பதில்லை. இன்று பார்த்தேன்.

மேலே வந்ததும் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "எனக்கு ரோஜாப்பூ வேண்டாம். என் மூஞ்சியப் போடுங்க."

தங்கை மஹீன் அழ ஆரம்பித்தாள். அப்பா டீயை முடித்துவிட்டு எழுந்து போனார்.

மெஹ்ர் 6

அப்பா இறங்கி வந்திருக்கிறார், ஒரு நிபந்தனையோடு. போனில் எடுத்தது கூடாது. வீட்டுக் கண்ணாடி அறையில், தலையை மூடிச் சாதர் போர்த்தி, மரியாதையாக ஒரு படம் வந்தால் போடலாம். வராவிட்டால் ரோஜா. அம்மாவுக்கும் போன் வேண்டாமாம்: "அதுல என் மூக்கு கத்திரிக்கா மாதிரி வருது."

கண்ணாடி அறையில்தான் அவள் மணப்பெண்ணாக உட்கார்ந்தாள். சுவரும் கூரையும் நகம் அளவு முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகள். இடம் குறுகல், பின்வாங்க வழியில்லை. அவள், சுவர், பின்னால் ஜன்னல், மூன்றும் வேண்டுமென்றால் என் பழைய கிழக்கு ஜெர்மன் கேமராவும் அந்த அகலக்கோண லென்ஸும்தான். பெரிய பிலிம், நல்ல கண்ணாடி. ஒரு மதிய வேலை.

மெஹ்ர் 9

குளியலறையில் பிலிமைக் கழுவிப் பார்த்தேன். பன்னிரண்டு படமும் நாசம்.

எல்லாவற்றிலும் பால் ஊற்றியதுபோல ஒரு மூட்டம். இடது மேல் மூலையில் ஜன்னல். அதற்கு நேர் எதிரே, வலது கீழே, அம்மாவின் முகத்தின்மேல் ஒரு வெள்ளைத் திட்டு. உற்றுப் பார்த்தால் அது ஜன்னலேதான், தலைகீழாக. சட்டம்கூடத் தெரிகிறது.

பழைய லென்ஸ். எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சு பலவீனம். சரி செய்யலாம்.

மெஹ்ர் 11

மஹீன் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முன்னாடி இன்னொரு கண்ணாடி திருகி வெச்சிருக்கியே, இது எதுக்கு?"

தூசுக்கு, என்றேன். மணற்காற்று அடிக்கிற ஊரில் அதைக் கழற்றுகிறவன் முட்டாள் என்றேன். இந்த ஊரில் எவன் லென்ஸ் வாங்கினாலும் முதல் காரியமாக அதைத் திருகுவான், அப்புறம் அது லென்ஸின் தோல் மாதிரி. அவள் பல் டாக்டருக்குப் படிக்கிறாள், பல்லைப் பார்க்கட்டும். இதையும் சொன்னேன்.

மெஹ்ர் 19

கேமராவின் உட்புறம் பளபளக்கிறது. லென்ஸ் தாண்டி வரும் ஒளி அங்கே பட்டுத்தான் சிதறுகிறது. முஹர்ரம் கொடிகளுக்குத் துணி விற்கிற கடையில் கறுப்பு வெல்வெட் வாங்கி உள்ளே ஒட்டினேன். மூட்டம் குறைந்தது. திட்டு குறையவில்லை.

அம்மா கேட்டாள், எப்போது என்று. அடுத்த வெள்ளி என்றேன்.

ஆபான் 2

லென்ஸைப் பின்பக்கமாகத் திறந்து, கண்ணாடிகளின் விளிம்பில் பூச்சு உதிர்ந்த இடமெல்லாம் கறுப்பு மை தடவினேன். அகலக்கோணத்துக்குக் கடையில் கிடைக்கும் வெயில் மறைப்பு எதுவும் உதவாது, படத்தின் மூலைகளை வெட்டும். நானே தகரத்தில் இதழ் இதழாக வெட்டிச் செய்தேன். நான் வேலை பார்க்கிற ஃபாக்டரியில் இதைக் காட்டினால் பதவி உயர்வு தரலாம்.

திட்டு இருக்கிறது.

ஆபான் 8

அம்மாவோடு சண்டை. வீட்டில் போர்த்தும் பூப்போட்ட வெள்ளை சாதரில் வந்து உட்கார்ந்தாள். வெள்ளை அத்தனை கண்ணாடித் துண்டிலும் எதிரொளித்து லென்ஸுக்குள் வரும், கறுப்பைப் போடு என்றேன்.

"நான் உயிரோட இருக்கேன்டா. எனக்கு நானே துக்கம் போடணுமா?"

ஒளிக்கு நல்லது கெட்டது கிடையாது, பிரதிபலிப்பு மட்டும்தான் என்றேன். வேறு என்னென்னவோ சொன்னேன். அவள் வெள்ளையிலேயே உட்கார்ந்தாள். வலது கையால் சாதரைத் தாடைக்குக் கீழே இறுக்கிப் பிடித்திருந்தாள், மார்க்கெட்டில் தக்காளி பேரம் பேசும்போது பிடிக்கிற மாதிரி.

பாதி ரோல் தாண்டியதும் அவளுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தினேன்.

ஆபான் 9

படம் வரவில்லை. ஏழாவது படத்தில் அவள் சிரிக்கிறாள் என்று நினைக்கிறேன். உறுதியில்லை. அந்த இடத்தில் ஜன்னல் இருக்கிறது.

ஆபான் 15

மஹீன் தன் கறுப்பு சாதரை விரித்துப் பிடித்து லென்ஸுக்கு நிழல் கொடுத்தாள். தள்ளிப் பிடித்தால் பயனில்லை, கிட்டே பிடித்தால் படத்துக்குள் வந்துவிடுகிறது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்: "நான் ஒருத்திதானே உட்கார்ந்திருக்கேன், இவ்வளவு கஷ்டமா?"

கோணத்தை மாற்றினால் ஜன்னல் போய்விடும். ஜன்னலை விட்டுவிடலாமா என்று மஹீன் கேட்டாள். முடியாது என்றேன். ஏன் முடியாது?

ஆபான் 21

ஆஸ்பத்திரி. கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. மூக்கில் குழாய். "படம்?" என்று கையால் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் என்றேன்.

ஆபான் 26

அம்மா.

ஆபான் 27

அச்சகத்துக்காரன் வாசலில் நிற்கிறான். அப்பா, "ரோஜா போடு" என்றார். எனக்குக் கத்தத்தான் தெரியும், கத்தினேன். அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதுகூட உங்களால... "படம் எங்க?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். படம் எங்கே. நியாயமான கேள்வி.

ஏழாவது படத்தைக் கொண்டுவந்து வைத்தேன். வெள்ளை சாதர், அதைப் பிடித்த கை, சுற்றிலும் கண்ணாடிகள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம்.

அப்பா பார்த்துவிட்டு அதை அச்சகத்துக்காரனிடம் நீட்டினார்.

"மூஞ்சிதான் தெரியலையே. போடு."

ஆஸர் 3

ஏழாம் நாளும் முடிந்தது. வீடெல்லாம் ஹல்வா வாசனை. செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் லென்ஸை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தலைகீழான ஜன்னல். நிஜ ஜன்னலுக்கு மையத்தின் மறுபக்கம், நேர் எதிரே. தெளிவான சட்டத்தோடு.

தட்டைக் கண்ணாடியின் பிரதிபலிப்பு. வளைந்த கண்ணாடி அப்படி ஒரு தெளிவான உருவத்தைத் தராது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டுப் பாடம். அதற்கு நான் முழு மதிப்பெண் வாங்கினேன்.

லென்ஸில் தட்டையாக இருந்தது அந்தத் தூசுக் கண்ணாடி மட்டும்தான்; இறுகிப்போயிருந்தது. குறடு வைத்துத் திருகினேன். கழன்றது.

ஆஸர் 4

அதே அறை, அதே மதிய வெயில், காலி நாற்காலி. கழுவிப் பார்த்தேன். மூட்டம் இல்லை, திட்டு இல்லை. ஒவ்வொரு கண்ணாடித் துண்டும் தனித்தனியாகத் தெரிகிறது. நாற்காலி மெத்தையில் அம்மா உட்கார்ந்த பள்ளம்கூடத் தெரிகிறது.

மஹீனிடம் காட்டினேன். அவள் கேட்கவில்லை, ஆனாலும் நானே சொன்னேன், என்ன கழற்றினேன் என்று. அவள் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். திட்டியிருக்கலாம்.

ஆஸர் 10

தூங்கவில்லை.

ஆஸர் 17

மழை. சுவரில் அறிவிப்பின் ஓரம் பிய்ந்து தொங்குகிறது. இரண்டு பக்கமும் ரோஜாக்கள், நடுவில் அம்மாவின் வெளிச்சம். ஒரு கிழவர் அதன் முன்னால் நின்று படித்துவிட்டு, அச்சு சரியில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

தேய் 12

ஸொஹ்ரே கானும் வந்திருந்தார். மூன்றாவது வீட்டுப் பெண்மணி, அம்மாவோடு மார்க்கெட்டுக்குப் போய்வந்தவர். சாப்பிட ஆஷ் கஞ்சி கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"சுவத்துல பேரைப் படிக்கிறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அது உங்கம்மா இஃபத்துனு. அவ தவிர எவ சாதரை அப்படிப் பிடிப்பா?" என்றார். பிறகு உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி: "எனக்கும் ஒண்ணு எடுத்துக் குடுப்பியா, பெஹ்ராங்? ஆனா மூஞ்சி தெரியணும். அவசரமில்ல. நாளைக்கு நல்ல துணி உடுத்திட்டு வரேன்."

வானம் மூடியிருந்தது. வெளிச்சம் போதாது. ஜன்னலைத் துடைக்கவில்லை. பிலிமில் நான்கு படம்தான் மீதி.

"நாளைக்கு வேண்டாம் கானும். இப்படியே வந்து உட்காருங்க," என்றேன்.